புரோஷருக்குத் தமிழில் என்ன?

டென்மார்க்கில் நாலு தமிழர் கூடி ஒரு தாள் அச்சடிக்க முடிவெடுத்தால், முதல் கூட்டத்தின் முதல் ஒரு மணித்தியாலம் இந்தக் கேள்வியில் போய்விடும். புரோஷர் என்று எழுதலாமா? ஐயையோ, ஆங்கிலம். துண்டுப்பிரசுரம்? பிரசுரம் வடமொழி. கையேடு? அது ஒரு பொருளை எப்படிப் பாவிப்பது என்று சொல்லித்தரும் புத்தகம். நோட்டீஸ்? கொச்சை. விளம்பர மடல், மடிப்பிதழ், தகவல் ஏடு என்று ஆளுக்கொன்றாகக் கைபேசியில் தேடி எடுத்துத் தருவார்கள். கடைசியில் சிற்றேடு என்பதில் கூட்டம் ஒருவாறு இணங்கும். அப்போது மூலையில் இருக்கும் ஒருவர், சிற்றேடு என்றால் சிறுபத்திரிகை அல்லவா என்று கேட்பார். பெரும்பாலும் இந்தக் காலாண்டிதழைப் படிக்கிறவராக இருப்பார். விவாதம் மறுபடி தொடங்கும்.

சொற்களின் பிறப்பைத் தேடுவதில் எனக்கும் ஆசை உண்டு. இந்தக் கட்டுரையிலும் அதைச் செய்யப்போகிறேன். ஆனால் பிறப்பைப் பார்த்து ஒரு சொல்லை உள்ளே விடுவதும் வாசலில் நிறுத்துவதுமாக நாம் கழிக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் வெறுக்கிறேன். அந்தத் தாள் யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ, அவரிடமிருந்து திருடிய நேரம் அது.

முதலில் பிறப்பையே பார்ப்போம்.

புரோஷர் பிரெஞ்சுச் சொல். அதன் அடியான 'புரோஷே' என்ற வினைக்குத் தைத்தல் என்று பொருள். கெட்டி அட்டை போட்டுக் கட்டாமல், சில தாள்களை மடித்து நடுவில் நூலோட்டிவிட்டால் அது புரோஷர். புத்தகம் கட்டும் தொழிலாளியின் கைவேலையிலிருந்து வந்த பெயர். நம்மவரில் தனித்தமிழ் அன்பர்கள் புத்தகத்தைப் பொத்தகம் என்று எழுதுவார்கள். பொத்துதல், அதாவது தைத்து மூடுதல் என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் பொத்தகமும் புரோஷரும் ஒரே ஊசியில் பிறந்தவை.

ஆங்கிலத்தின் 'பாம்ஃப்லெட்' இன்னும் வேடிக்கையானது. 12ஆம் நூற்றாண்டில் 'பாம்ஃபிலுஸ்' என்றொரு லத்தீன் காதல் கவிதை ஐரோப்பாவில் கைப்பிரதியாக ஓடித் திரிந்தது. அதன் நாயகனின் பெயர் செல்லமாகச் சுருங்கி, பிறகு மெல்லிய ஏடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கட்சிகளும் மதங்களும் ஒன்றையொன்று திட்டுவதற்கு அச்சடித்த தாள்களுக்கு ஒரு காதலனின் பெயர்.

டேனிஷ்காரரைப் பாருங்கள். விற்பனைக்குக் கொடுக்கும் மினுமினுப்பான ஏட்டை அவர்கள் புரோஷூர் என்பார்கள். அரசாங்கமோ ஆஸ்பத்திரியோ கொடுக்கும் தகவல் ஏடு 'பியேஸ'. மடித்த ஒற்றைத் தாள் 'ஃபோல்டர்'. முதல் இரண்டும் பிரெஞ்சு, மூன்றாவது ஆங்கிலம். பியேஸ என்பதன் மூலப்பொருள் துண்டு. நம் துண்டுப்பிரசுரத்தின் முற்பாதியை அவர்கள் முழுச்சொல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஹெஃப்த' என்று இன்னொரு சொல்லும் உண்டு. கோத்து இணைத்தது என்று அர்த்தம். நான் குடியிருக்கும் டோஸ்ட்ருப், கொப்பன்ஹேகனுக்கு மேற்கே ரெயிலில் அரை மணித்தியாலத்துக்குள் வரும் ஊர். அதன் பெயரின் கடைசியில் வரும் 'ட்ருப்', குடியிருப்பு என்று பொருள்படும் 'தோர்ப்' என்ற பழஞ்சொல் தேய்ந்து திரிந்த உருவம். ஊர்ப்பெயரைக்கூட நாக்குக்கு வசதியாகத் தேய்த்துக்கொண்ட சனங்கள் இவர்கள். பியேஸ என்பது கலப்பா தூய்மையா என்று கேட்டு இங்கே எந்த ஆஸ்பத்திரியும் அச்சை நிறுத்தி வைத்ததில்லை.

நமக்குச் சொல் இல்லையா? எண்ணிப் பாருங்கள்.

பிரசுரம்: வடமொழியில் மிகுதி, ஏராளம் என்று பொருள். பலருக்குப் போகும்படி பெருக்குவது என்ற வழியில் நம்மிடம் அச்சிட்டு வெளியிடுதல் என்றானது. அதன் முன்னால் ஒரு துண்டு சேர்ந்தது. ஈழத்தில் வளர்ந்த எவருக்கும் துண்டுப்பிரசுரம் என்ற சொல்லோடு சேர்ந்து சில ஞாபகங்கள் வரும். சுவரில் இரவோடிரவாக ஒட்டியவை, பாடசாலை வாசலில் கைமாறியவை, சட்டைப்பையில் இருந்ததற்காக ஆளைப் பிடித்துக்கொண்டு போகக் காரணமானவை, போர்க்காலத்தில் விமானத்திலிருந்து விழுந்தவை. இந்தப் பாரத்தையெல்லாம் அந்தச் சொல்லின் மேல் எந்த அகராதியும் ஏற்றவில்லை. அந்தத் தாள்களை வாங்கிய கைகள்தான் ஏற்றின.

விஞ்ஞாபனம்: வடமொழியில் தெரியப்படுத்துதல், விண்ணப்பித்தல். யாழ்ப்பாணத்துக் கோவில் திருவிழாவுக்கு எந்த நாள் கொடியேற்றம், எந்த நாள் தேர், யார் உபயம் என்று அச்சடித்து வருவது மகோற்சவ விஞ்ஞாபனம். கட்சிகள் தேர்தலுக்கு வெளியிடுவதும் விஞ்ஞாபனம்தான். தமிழர் விடுதலைக் கூட்டணியின் 1977 தேர்தல் விஞ்ஞாபனத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கல்வெட்டு: இது எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. தமிழகத்தாருக்குக் கல்வெட்டு என்றால் சோழர் காலத்துக் கோவில் சுவர். யாழ்ப்பாணத்தாருக்கு, ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் ஏடு. வம்சம், படிப்பு, உத்தியோகம், திதி வெண்பா, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. மெல்லிய கடதாசியில் வரும் இதற்குக் கல்லின் பெயரை எந்தச் சொல்லாக்கக் குழுவும் வைக்கவில்லை. நினைவு நிலைக்க வேண்டும் என்ற ஆசை வைத்த பெயர். நினைவு மலர் என்றும் சொல்வோம். 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுத அவையில்லாமல் முடியாது.

இவற்றோடு நோட்டீஸ். கடைதிறப்பு, காணாமற்போன பசு, ரியூசன் வகுப்பு, நாடகம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தமிழகத்தில் பிட் நோட்டீஸ் என்பார்கள்.

ஆக, கடவுளுக்கு அச்சடிக்கிறோம், பெயர் இருக்கிறது. செத்தவருக்கு அச்சடிக்கிறோம், பெயர் இருக்கிறது. அரசியலுக்கு அச்சடித்தோம், பெயர் இருக்கிறது. எந்தத் தாளை நாம் விடாமல் செய்து கையில் கொடுத்தோமோ அதற்கெல்லாம் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. உயிரோடு இருக்கிற ஒருவரிடம் 'இது உங்களுக்குத் தேவை, வந்து பெற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் தாளுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை என்று தவிக்கிறோம். மொழியில் குறை இல்லை. அந்தத் தாளை நாம் அச்சடிப்பதில்லை.

அப்படி ஒரு தாள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளைச் சொல்கிறேன். 2002இல் டென்மார்க் அரசு தாய்மொழி வகுப்புச் சட்டத்தை மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களிலிருந்து வந்த பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்குத் தாய்மொழி படிப்பிக்க வேண்டிய கடமை கொம்யூன்களுக்கு இல்லாமற்போனது. தமிழ் வகுப்பு பெற்றோரின் தோளில் விழுந்தது. 2014 நவம்பர் 1 முதல் அரசாங்கத்தின் கடிதமெல்லாம் டிஜிற்றல் தபால்பெட்டிக்கே போகும் என்றானது. கடவுச்சொல்லும் டேனிஷும் தெரியாத முதியவரின் தபால்பெட்டியைப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ திறக்க வேண்டும். 2018 ஜூலை 1 முதல், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர் வைத்தியரிடம் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், சில விதிவிலக்குகள் தவிர, தானே பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. எண்பதுகளில் அகதியாக வந்து, தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலையிலும் முதுகு வளைந்து, மொழி படிக்க நேரமில்லாமல் ஓய்வுபெற்றவர்களின் தலையில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின.

இப்போது ஒரு உதாரணம். இந்த நாட்டில் 50 வயதிலிருந்து 74 வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை இலவசம். சோதனைப் பெட்டி வீட்டுக்கே தபாலில் வரும். மலத்தில் சிறிது எடுத்து, அதே உறையில் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் செலவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு மாமி அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் சாமி அறை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். ஏதோ மருந்து விளம்பரம் என்று நினைத்திருக்கிறார். இப்படிப் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்து, ஒரு சங்கம் தமிழில் ஒரு தாள் போட முன்வந்தது. நல்ல மனிதர்கள், நல்ல எண்ணம். என்னையும் கூப்பிட்டார்கள்.

இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டிலும் அட்டையில் துண்டுப்பிரசுரம் என்று போடுவதா சிற்றேடு என்று போடுவதா என்பதே பேச்சு. உள்ளே இருந்த எழுத்தை ஒருவரும் தொடவில்லை. அதில் தலைப்பு 'பெருங்குடல் புற்றுநோய்த் திரையிடல்' என்று இருந்தது. ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து எடுத்த தமிழ். அந்தப் பிரதியை நான் மாமியிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "என்ன தம்பி, படம் காட்டப் போறாங்களோ?" என்றார்.

மாமிக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கந்தபுராணம் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு விளங்காத தமிழை எழுதிவிட்டு அதற்குத் தூய தமிழ் என்று பெயர் வைத்தோம். நான் பெட்டியைத் திறந்து காட்டி, இன்னது செய்ய வேண்டும், இதிலே போட வேண்டும், இந்த உறையிலே அனுப்ப வேண்டும் என்று சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை அந்த நோட்டீசில எழுதியிருக்கலாமே?" சங்கம் இரண்டு மாலை முழுக்கத் தேடிய சொல்லை அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மென்பொருள் ஆலோசகன். ஒரு திரையை வடிவமைக்கும்போது பொத்தானின் மேல் 'பொத்தான்' என்று எழுத மாட்டோம். அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுதுவோம்: அனுப்பு, சேமி, அழி. எந்த நாட்டிலாவது ஒரு புரோஷரின் அட்டையில் புரோஷர் என்று பெரிதாக அச்சடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அட்டையில் விஷயத்தைத்தான் போடுவார்கள். நாம் இரண்டு கூட்டம் வைத்துச் சண்டைபிடித்த சொல், அந்தத் தாளில் எங்குமே தேவைப்படாத சொல்.

இங்கே வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 1578இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். அளவைப் பார்த்தால் ஒரு புரோஷர். அதன்பின் தமிழ் அச்சை மீண்டும் ஓட்டியதில் இந்த டென்மார்க்குக்குப் பங்கு உண்டு. அரசன் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. உடனே அச்சான சிறு ஏடுகளில் ஒன்று அஞ்ஞானத்தைப் பற்றியது. அவர் அஞ்ஞானம் என்றது நம் முன்னோரின் வழிபாட்டை. அந்த உள்ளடக்கத்தை நான் மெச்சவில்லை. அவரது தமிழைப் பிற்பாடு வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார். இலக்கணப்படி அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் தரங்கம்பாடியார், கடற்கரையில் நிற்கும் மனிதனுக்கு விளங்க வேண்டும் என்று எழுதினார்கள். அச்சகம் நிற்கவில்லை.

இந்தப் பாடத்தை நம்மவரில் முதலில் சரியாகப் படித்தவர் ஆறுமுக நாவலர். மிஷனரிமாரின் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் கூடவிருந்து, அச்சடித்த தாள் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவர். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷனரியின் ஆயுதத்தாலேயே மிஷனரிக்குப் பதில் சொன்னார். சைவர்களிடம் ஆதரவு கேட்டு அவர் அச்சடித்த அறிக்கைகளுக்கு 'விக்கியாபனம்' என்று தலைப்பிட்டார். வடமொழிதான். அவருக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. அவருக்குப் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், பணம் சேர வேண்டும். 170 வருடத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் நடந்த வேலை, இன்று கொப்பன்ஹேகனின் புறநகர் ஒன்றில் நடக்கவில்லை.

சொல்லை விட்டால் மொழியே போய்விடும் என்பவர்களை நான் எள்ளவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் கணினிக்கு வெளிச்சொல்லை ஏற்கவில்லை. 1960களில் சிகுர்துர் நோர்தால் என்ற அறிஞர், எண் என்பதையும் குறிசொல்லும் பெண் என்பதையும் கலந்து 'தெல்வா' என்றொரு சொல்லைச் செய்து கொடுத்தார். இன்று நாடு முழுக்க அதைத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே பாடப்புத்தகமும் பத்திரிகையும் அரசாங்க அலுவலகமும் கடையும் அந்தச் சொல்லை அன்றாடம் வேலை வாங்கின. நம்மிடமும் உதாரணம் உண்டு. இணையம் என்ற சொல்லைச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்வார்கள். அவர் தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டவர்; கையில் வேலை இருந்தது, அந்த வேலைக்குச் சொல் தேவைப்பட்டது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய மறைமலையடிகள் தன் 'ஞானசாகரம்' இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். பெயரை மாற்றுவதற்கு அவரிடம் ஒரு இதழ் இருந்தது. நம்மிடம் இருப்பது மாற்றுப்பெயர்களின் பட்டியல் மட்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதமும் எனக்குத் தெரியும். எல்லாம் டேனிஷில் இருக்கிறது, பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள், தமிழில் எதற்கு வீண்செலவு என்பது. ஒரு தாய் தன் மலச் சோதனையைப் பற்றி 17 வயது மகனிடம் கேட்க வேண்டுமா? மார்பகச் சோதனைக்கு வந்த அழைப்பை மருமகன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா? கேட்க மாட்டார்கள். பெட்டி அலுமாரிக்கு மேலே போகும். இங்கே பிறந்து இப்போது தாமே பெற்றோராகிவிட்ட தலைமுறையையும் யோசியுங்கள். தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புங்கள் என்று நாம் கொடுக்கும் தாள் அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். அதில் வகுப்பு எத்தனை மணிக்கு, எங்கே, யார் படிப்பிப்பது, ஒரு வருடத்தில் பிள்ளை என்ன கற்கும் என்பதெல்லாம் இருக்காது. தமிழின் தொன்மை இருக்கும்.

ஆகையால் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவுமில்லை. ஒரு தாள், இரண்டு மொழி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அதே விஷயம் டேனிஷில். தாயும் மகளும் ஒரே தாளைப் பிடித்துக் கதைக்கும்படி. அட்டையில் விஷயத்தைப் போடுங்கள்: 'வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை', 'ஞாயிறு தமிழ் வகுப்பு'. தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடமும், இங்கே பிறந்த ஒருவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். இருவரும் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்களோ அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு தூய சொல்லாக இருந்தாலும். கோவில் விஞ்ஞாபனம் அச்சடிக்கும்போது கூடவே இதையும் அச்சடிக்கலாம். பிரசாதம் வாங்கும் கையில் இதையும் வைக்கலாம். கல்வெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். அப்படிச் செய்தால் சில கல்வெட்டுகள் பிந்தி அச்சாகும்.

பெயர் என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம். பத்து வருடம் விடாமல் கொடுத்தால் வாங்குகிறவர்கள் ஒன்றைச் சொல்லத் தொடங்குவார்கள். சிற்றேடாக இருக்கலாம், நோட்டீஸாக இருக்கலாம், நம் பிள்ளைகள் வாயில் பியேஸவாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதை அகராதியில் ஏற்றுவதற்கு நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும், அடுத்த கூட்டத்தில் யாராவது இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால், அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: யாருக்கு, எத்தனை பிரதி, எந்தத் திகதிக்கு?